மூடியில் எழுதிய பெயர்

ஜூன் 11, செவ்வாய்

ஜஸ்டினாவுக்குப் புற்றுநோய் இல்லை.

இதை எழுதத்தான் இந்த டைரியைத் தேடி எடுத்தேன். மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது, இத்தனை நாள் அரிசி டப்பாவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. நாளைக்கு யாராவது வந்து எப்போது நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்டால் பிசகாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இந்த வீட்டில் தேதி பிசகாத ஆள் நான்தான். இருபத்து நான்கு வருடமாக சிஸ்டர்மார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். ரத்தம், சளி, மூத்திரம் எல்லாவற்றுக்கும் தேதி போட்டே பழகிய கை.

ஜஸ்டினா என் தம்பி கஸ்மீரின் பெண்டாட்டி. ஒரே காம்பவுண்டில் இருக்கிறோம், அவர்கள் வீட்டு அடுப்பில்தான் எனக்கும் சோறு. மார்ச்சில் அவள் மார்பிலிருந்த கட்டியில் ஒரு துண்டு எடுத்து நகரத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. மார்பையே எடுத்துவிட வேண்டும், உடனே எடுக்க வேண்டும் என்றார் சிஸ்டர் டாக்டர். இவள் மணல்மேட்டு அந்தோணியாருக்குப் பதிமூன்று செவ்வாய் நோன்பு இருந்து முடித்த பிறகுதான் கத்தி என்று சொல்லிவிட்டாள். சிஸ்டர் டாக்டர் கத்தினார். நான் அதைவிடக் கத்தினேன். கஸ்மீர் குடித்துவிட்டு அழுதான். அவள் அசையவில்லை.

போன செவ்வாயோடு பதிமூன்றும் முடிந்தது. வியாழக்கிழமை நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அறுப்பதற்கு முன்னால் அவர்கள் இன்னொரு தடவை சதை எடுத்துச் சோதித்தார்கள். இன்று ரிப்போர்ட்: நிறையப் பெண்களுக்கு இருக்கிற சாதாரணக் கட்டி. புற்றுநோயின் அடையாளமே இல்லை.

கஸ்மீர் மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மாதா பாதத்தைப் பிடித்துக்கொண்டான். எழுந்து, "இனிமே தொடமாட்டேன்க்கா" என்றான். பாட்டிலைச் சொன்னான். தெருவே கூடிவிட்டது. புதுமை, அந்தோணியார் செய்த அற்புதம் என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு.

சிஸ்டர் டாக்டர் ஆன்செல்மா மட்டும் மார்ச் ரிப்போர்ட்டையும் இன்றைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றார், கேள்வி கேட்கிற குரலில்.

ஜூன் 12, புதன்

சாளைக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஜஸ்டினா ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றாள்.

ஜூன் 14, வெள்ளி

பங்குச் சாமியார் சூசைரத்தினம் லேபுக்கே வந்துவிட்டார். குருமடத்துக்குப் போவதற்கு முன்னால் காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். மைக்ராஸ்கோப்பைக் கண்டால் குனியாமல் போகமாட்டார். இன்றைக்கும் குனிந்து யாருடைய மலேரியா ஸ்லைடையோ பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"டெல்பினம்மா, நான் புதுமைய நம்பாதவன் இல்ல. ஆனா ஒரு காரியத்தப் புதுமைன்னு சொல்லணும்னா சபை மொதல்ல டாக்டர்கிட்டதான் போகும். நோய் நெசமாவே இருந்துச்சா, மருந்துல போச்சா, தானாப் போயிருக்குமா, எல்லாம் கேட்டு முடிச்சாத்தான் பேச்சே."

"அப்போ சயின்ஸ் கைய விரிக்கிற எடத்துலதான் ஆண்டவர் வருவாரா சாமி?"

"அப்பிடி வெச்சா அவருக்கு எடம் சுருங்கிக்கிட்டே போயிரும். நேத்துத் தெரியாதது இன்னைக்குத் தெரியுது. மழை எப்பிடிப் பெய்யுதுன்னு தெரிஞ்சதும் மழை அவரோடது இல்லன்னு ஆயிருமா? இயற்கையும் அவர் எழுத்து, புதுமையும் அவர் எழுத்து. ஒண்ண நல்லா வாசிக்கத் தெரிஞ்சாத்தான் இன்னொண்ணத் தப்பா வாசிக்கமாட்டோம்."

பாதி புரிந்தது. தினமும் பத்துப் பேர் விரலில் குத்துகிறேன், ரெண்டு நிமிடத்தில் ரத்தம் தானாக நின்றுவிடுகிறது. அதை ஒருநாளும் நான் புதுமை என்று சொன்னதில்லை, கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதியிருக்கிறேன். அது நிற்காமல் போனால்தான் தெரியும்.

ஆயர் இல்லத்துக்கு அனுப்ப அவருக்குக் காகிதங்கள் வேண்டுமாம். இரண்டு ரிப்போர்ட்டும், கூடவே என் கையால் ஒரு கடிதமும். மார்ச்சில் அந்தச் சதைத் துண்டு எப்படி வந்தது, யார் பெயர் எழுதினார்கள், எப்படி அனுப்பினோம் என்று.

"ஒரு பக்கம் போதும். மார்ச்சுல அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சோ அத அப்பிடியே எழுதுங்க" என்றார்.

எழுத என்ன இருக்கிறது. துண்டு வந்தது, கெடாமலிருக்க ஃபார்மலின் குப்பியில் போட்டோம், பெயர் எழுதினோம், மறுநாள் காலை பஸ்ஸில் அனுப்பினோம். ஒரு பக்கம்கூட வராது.

ஜூன் 16, ஞாயிறு

பூசையில் அறிவித்துவிட்டார்கள். ஜூலை 7 ஞாயிறு நன்றிப் பூசை, பிறகு பங்கு முழுவதற்கும் அசனம். ஆடு அடித்துச் சோறு போடுவது கஸ்மீரின் நேர்ச்சை. சாமியார் "நன்றிப் பூசை" என்று மட்டும்தான் சொன்னார், புதுமை என்ற வார்த்தையைத் தொடவில்லை. கேட்டவர்கள் புதுமை என்றே கேட்டுக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது பெண்கள் ஜஸ்டினாவின் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் கூச்சத்தில் நெளிந்தாள், ஆனால் முகம் அப்படி ஒரு பிரகாசம். கல்யாணத்தன்றுகூட அவளை அப்படிப் பார்த்ததில்லை. பூக்கடை லில்லி என்னைக் காட்டி, "லேப்ல இருக்கிற டெல்பினக்காவே சாட்சி, பொறவு என்ன?" என்றாள்.

கஸ்மீர் ஆறாவது நாளாகக் குடிக்கவில்லை. கை நடுங்குகிறது, பாவம். சர்பத் குடித்துச் சமாளிக்கிறான்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். பேனா சரியில்லை.

ஜூன் 18, செவ்வாய்

லேப் ஃப்ரிட்ஜின் ஸ்டெபிலைசர் புகைந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வரும்வரை வேறு வேலையில்லாமல் பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.

மார்ச் 1, முதல் வெள்ளி. அன்று இரண்டே குப்பிகள் பதிவாகியிருக்கின்றன. ஒன்று ஜஸ்டினா, வயது 41. இன்னொன்று சண்முகக்கனி, வயது 38, உப்பளத் தொழிலாளி. அவளுக்கும் மார்புக் கட்டிதான். ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எறும்பு வந்துவிட்டது, அதனால்தான் ஞாபகம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பதிவேட்டில் இருந்தது, எழுதினேன்.

ஜூன் 19, புதன்

சிஸ்டர் டாக்டர் கூப்பிட்டார்.

"டெல்பின், பேரு குப்பியில எழுதுவியா, மூடியில எழுதுவியா?"

குப்பியின் உடம்பில்தான் எழுத வேண்டும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் நான். ஆனால் ஃபார்மலின் சிந்தினால் மை கலைந்துவிடுகிறது, அதனால் மூடிமேல் பிளாஸ்டர் ஒட்டி எழுதுவதுதான் என் வழக்கம். மூடி என்ன, தானாகக் கழன்று நடந்து போகுமா?

"மூடியில சிஸ்டர்."

"மூடுனதுக்கு அப்புறம் யாராவது தொறந்தாங்களா?"

"யாரும் தொறக்கல சிஸ்டர்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதத் துண்டை நகரத்துக் கூடத்தில் மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்களாம். அதை எடுத்து ஜஸ்டினாவின் ரத்தத்தோடு ஒப்பிட்டால், அது அவள் சதைதானா என்று சொல்லிவிடலாமாம். மூன்று வாரம் ஆகும். எழுதிப் போட்டிருக்கிறார்.

மூன்று வாரம் என்றால் ஜூலை 10. அசனம் முடிந்திருக்கும். இந்தக் கணக்கு எனக்கு உடனே ஓடியது.

ஜூன் 21, வெள்ளி

சண்முகக்கனி வந்தாள்.

மாமியாருக்குச் சர்க்கரை பார்க்கக் கூட்டிவந்திருந்தாள். உப்பளத்துக்காரர்களுக்கே உரிய வெடித்த பாதம், வெயிலில் காய்ந்த முகம், ஆனால் வாய் நிறையச் சிரிப்பு. "என்னக்கா, மிட்டாய் தின்னீயளா எறும்புக்குக் குடுத்தீயளா?" என்றாள். அவளும் பார்த்திருக்கிறாள்.

நான் மாமியார் விரலில் குத்திக்கொண்டே, எதார்த்தமாகக் கேட்பதுபோல, "அந்தக் கட்டி எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு அது பாட்டுக்கு. கொஞ்சம் கெட்டியா ஆயிருக்காப்ல இருக்கு. நீங்கதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீயளே, அதான் நான் கண்டுக்கிடல."

"சிஸ்டர் டாக்டரப் பாத்துட்டுப் போயேன்."

"இன்னைக்கு லோடு ஏத்துற நாளுக்கா. மேஸ்திரி வையும். அடுத்த மாசம் மாமியாளுக்குப் பாக்க வரும்போது பாக்கேன்."

போய்விட்டாள். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ரெண்டு அடி தூரத்தில்தான் இருந்தாள். நான் மாமியாரின் சர்க்கரை 240 என்று எழுதி, கீழே தேதி போட்டேன்.

ஜூன் 22, சனி

கடிதத்தை எழுதி முடித்தேன். "தவறு நேர வாய்ப்பே இல்லை" என்று கடைசி வரி. மடித்து வைத்திருக்கிறேன், கொடுக்கவில்லை. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

மார்ச் 1 சாயங்காலம். தவக்காலம், மாதத்தின் முதல் வெள்ளி. இரண்டு குப்பியும் தட்டில் இருந்தன. ஒன்றில் இருப்பது என் தம்பி பெண்டாட்டியின் சதை. அவள் பதினெட்டு வருடமாக எனக்குச் சோறு போடுகிறவள். என் கைப்பையில் அந்தோணியார் கோயில் தீர்த்தம் இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஃபார்மலினை ஒன்றும் செய்யாது, அது எனக்குத் தெரியும். அந்தப் படிப்புதான் எனக்குத் துணிச்சல் கொடுத்தது.

மூடியைத் திறந்து ஒரு சொட்டு விட்டேன். அப்போது பக்கத்துக் குப்பி கண்ணில் பட்டது. நம் வீட்டு ஆளுக்கு மட்டும் விட்டால் அது என்ன விசுவாசம், அவளும் யாரோ பெற்ற பிள்ளைதானே என்று நினைத்தேன். அதையும் திறந்தேன். அதிலும் ஒரு சொட்டு.

மூடியின் உள்பக்கம் மேசையில் படக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் இரண்டு மூடியையும் மல்லாத்தி வைத்திருந்தேன். அப்படி வைத்தால் பெயர் அடியில் போய்விடும். இரண்டும் ஒரே வெள்ளை மூடி. கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்கு மணி அடித்தது. சிலுவை போட்டுவிட்டு மூடிவிட்டு ஓடினேன்.

எந்த மூடி எதற்கு என்று பார்த்துத்தான் மூடினேனா? பார்த்தேன் என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்தால் மணிச் சத்தம் ஞாபகம் வருகிறது. தீர்த்தக் குப்பியின் நீல மூடி ஞாபகம் வருகிறது. பெயரைப் படித்தது ஞாபகம் வரவில்லை.

மாறியிருந்தால் புதுமை இல்லை, சண்முகக்கனிக்குப் புற்றுநோய், அதுவும் தெரியாமல் மூன்று மாதமாக உப்புச் சுமக்கிறாள். மாறாதிருந்தால் புதுமை உண்டு, நோய் யாருக்கும் இல்லை. அதனால் மாறியிருக்கக் கூடாது என்று காலையிலிருந்து செபிக்கிறேன். மார்ச்சில் நடந்து முடிந்ததை ஜூனில் எப்படி மாற்றச் சொல்வது? இந்தச் செபம் அவளுக்காகவா எனக்காகவா என்பதும் தெரியவில்லை.

அன்றைக்குக் கொஞ்சம் சுயநலமாக இருந்து ஒரு குப்பியை மட்டும் திறந்திருந்தால் எதுவும் மாறியிருக்க முடியாது.

ஜூன் 24, திங்கள்

ஒரு தந்திரம் செய்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய், பாவமாக அறிக்கையிட்டுச் சொன்னேன். சாமியாருக்குத் தெரிந்துவிட்டால் அவரே நன்றிப் பூசையை நிறுத்திவிடுவார், அவரே சிஸ்டர் டாக்டரிடம் பேசிவிடுவார், நான் வாய் திறக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

வலைக்கு அந்தப்பக்கம் சாமியார் முழுவதையும் கேட்டார்.

"இங்க கேட்டத வச்சு நான் வெளிய ஒரு துரும்பக்கூட அசைக்க முடியாது. அது உங்களுக்குத் தெரியும்" என்றார். "நாளைக்குப் பந்தல்காரர் வந்து எத்தன தூண் போடணும்னு கேட்டா நான் பதில் சொல்லித்தான் ஆகணும். உங்க வாயால வெளிய வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தீர்த்தம் விட்டது பாவமா சாமி?"

"அது பாவமில்ல. பேரு பாக்காதது தப்பு. வெள்ளிக்கிழம அந்தப் பொம்பளைய அனுப்பி விட்டீங்களே, அதுதான் பாவம். மொதல்ல அவங்ககிட்டப் போங்க. நேரா அங்க."

சாயங்காலம் எங்கள் தெரு வழியாக வந்தவர், வாசலில் நின்று, "கடுதாசி ஆச்சா டெல்பினம்மா?" என்று கேட்டார். முகத்தில் ஒரு மாற்றம் இல்லை. மனுசன் நடிக்கிறாரா, நிஜமாகவே மறந்துபோனாரா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் பேரில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு உப்பளத்துக்குப் போனேன். பத்து மணிக்கே கண் கூசுகிறது. பெண்கள் வரிசையாகத் தலையில் உப்புச் சட்டியோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். சண்முகக்கனி சேலைக்கு மேலே புருசனின் பழைய சட்டை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்தாள். "மாமியாளுக்குச் சர்க்கரை கூடிட்டாக்கா?"

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். மார்ச்சில் போன குப்பி மாறியிருக்கலாம் என்று ஒரு சந்தேகம், உறுதியில்லை, இன்னொரு தடவை சோதித்துவிட்டால் நிம்மதி என்று. மாறியது என்றேனே தவிர, யார் மாற்றியது என்று சொல்லவில்லை.

அவள் முகத்திலிருந்த உப்பைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

"அந்தோணியார் கோயில்ல ஒரு அம்மாவுக்குக் கேன்சர் போயிருச்சுன்னு வண்டியில பேசிக்கிட்டாவ. அந்தக் குப்பியா?"

"ஆமா. அது என் தம்பி பொண்டாட்டி."

பிறகு கோபமில்லாமல், கணக்குக் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அப்போ உங்க சாமி அவியகிட்டருந்து எடுத்து எங்கிட்ட வச்சிட்டாரா?"

நான் கீழே இருந்த உப்புச் சட்டியைப் பார்த்தேன்.

"நானும் அந்தக் கோயிலத் தாண்டும்போதெல்லாம் வண்டியிலருந்தே கும்பிட்டுட்டுத்தானக்கா போவேன்" என்றாள். "நமக்குச் சம்பந்தமில்லாத சாமின்னு நெனச்சதில்ல."

அவள் அப்படியே நம்பிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் என் பெயர் வெளியே வந்திருக்காது. ஆனால் காலம் முழுவதும் அவள் அந்தக் கோயிலைத் தாண்டும்போது அப்படி நினைத்துக்கொண்டு போவாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"சாமி இல்ல. நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தீர்த்தம், மூடி, மணி, வெள்ளிக்கிழமை அவளைப் போகவிட்டது எல்லாவற்றையும்.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி தூரத்திலிருந்து சத்தம் போட்டார். அவள் திரும்பவில்லை.

"எங்குப்பியிலயும் விட்டீயளா?"

"விட்டேன்."

"என்னைய யாருன்னே தெரியாதே உங்களுக்கு."

"தெரியாது."

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். எரிச்சலாக, "அழுறத நிறுத்துங்க, பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள். ஆஸ்பத்திரி வரும்வரை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 26, புதன்

நேற்றே சிஸ்டர் டாக்டர் அவளுக்குச் சதை எடுத்துவிட்டார். குப்பியில் தன் கையாலேயே பெயர் எழுதினார். என்னை லேபிலிருந்து எடுத்து, சீட்டுக் கொடுக்கிற இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டார். திட்டவில்லை. "யாரும் தொறக்கலன்னு சொன்னியே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

சாமியாரிடம் வெளியே, வெயிலில் நின்று, எல்லார் காதும் கேட்கச் சொன்னேன். முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டார். முடித்ததும் கண்ணை மூடி, மூச்சை விட்டு, "சரி" என்றார்.

வீட்டில் சொன்னதுதான் கஷ்டம். ஜஸ்டினா முதலில் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு, "அப்போ எனக்கு ஒண்ணுமே வரலியா மதினி? பதிமூணு வாரம் நான் செத்துச் செத்துப் பொழச்சேனே, அது எதுக்கு?" என்றாள். நோய் இல்லவே இல்லை என்று ஒருத்தியிடம் சொல்லி, அவள் இப்படி உடைந்து அழுது நான் பார்த்ததில்லை. "எனக்குன்னு அந்தோணியார் ஒண்ணு குடுத்தாரு. அதையும் பறிச்சிட்டீயளே."

கஸ்மீர் எழுந்து வெளியே போனான். இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. கடற்கரையில் உட்கார்ந்திருந்தானாம்.

ஜூன் 30, ஞாயிறு

பூக்கடை லில்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மழை.

ஜூலை 3, புதன்

தோமையார் திருநாள். உயிர்த்த ஆண்டவரின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்த பிறகு நம்பியவர். பிரசங்கத்தில் சாமியார், ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாலும் விரலைத் தட்டிவிடவில்லை என்றார்.

பத்தரை மணிக்கு ரிப்போர்ட் வந்தது. சண்முகக்கனிக்குப் புற்றுநோய்.

ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை என்று வந்திருக்கிறது. "மெல்ல வளர்ற வகை. மூணு மாசத்துல பெருசா ஒண்ணும் மாறல. காப்பாத்திரலாம்" என்றார் சிஸ்டர் டாக்டர். மெல்ல வளரும் வகை என்றால் மெல்ல வளரும் வகைதான், புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீருக்கு என்ன வேலை? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அரைமணிக்கு ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. மார்ச்சில் நாங்கள் கத்தியபடி ஜஸ்டினா கேட்டிருந்தால், நோயே இல்லாத மார்பை அறுத்து எறிந்திருப்பார்கள். படித்த நானும் சிஸ்டர் டாக்டரும் சொன்னதைக் கேட்காமல் அந்தோணியாரிடம் போய் உட்கார்ந்ததால்தான் அவள் தப்பித்தாள். இது அவளுக்கு நடந்த நன்மை இல்லையா? ஆனால் அப்படி அறுத்திருந்தால், எடுத்த சதையைப் பார்த்து, இதில் நோயே இல்லையே என்று மார்ச்சிலேயே குட்டு உடைந்திருக்கும், சண்முகக்கனிக்கு மூன்று மாதம் முன்பே வைத்தியம் கிடைத்திருக்கும். ஒருத்தியைக் காத்த அதே பதிமூன்று செவ்வாய்தான் இன்னொருத்தியைக் காக்க வைத்தது.

சாமியாரிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் தெரியலம்மா" என்றார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர் அப்படிச் சொன்னது எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

நன்றிப் பூசை இல்லை. அசனம் உண்டு. சாமியார் வேண்டாம் என்றுதான் சொன்னார். கஸ்மீர் கேட்கவில்லை. "சொன்னது சொன்னதுதான் சாமி. அன்னைக்கு நான் சந்தோசப்பட்டது பொய்யா?" என்றானாம். வெள்ளிக்கிழமை நகரத்து அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகப்போகிற சண்முகக்கனிக்காகச் செபித்துவிட்டுச் சோறு போட்டார்கள். வந்தவர்கள் பாதிப் பேர்தான். மீந்துபோய்விட்டது.

ஜஸ்டினா பதினோரு நாளாக என்னோடு பேசவில்லை, சோற்றை மட்டும் மூடி வைத்துவிட்டுப் போவாள். இன்று தூக்குவாளியில் கறியும் சோறும் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "அவியளுக்கு ஆபரேசனுக்கு முன்னால கறி தின்னலாமான்னு கேட்டுட்டுக் குடுங்க" என்றாள்.

கஸ்மீர் இருபத்தாறு நாளாகக் குடிக்கவில்லை. நாளையைப் பற்றி நான் எதுவும் எழுதமாட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

சண்முகக்கனிக்குக் கூட இருக்க ஆள் வேண்டும். புருசன் உப்பு லாரி ஓட்டுகிறவர், வெளியூர் லோடிலிருந்து சாயங்காலம்தான் வந்து சேர்வார். மாமியாருக்கு நடக்க முடியாது. "நீங்கதான் வரணும்" என்று அவளே சொல்லியனுப்பினாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தியேட்டர் வாசலில், பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். "அந்தத் தண்ணி வச்சிருக்கீயளா?" என்றாள்.

கைப்பையில் இருந்தது. மார்ச்சிலிருந்து அதை நான் திறக்கவில்லை, தூரப் போடவும் முடியவில்லை.

"குப்பியத் தொறந்து விடுற சோலியெல்லாம் வேண்டாம். எங்கையில ஊத்துங்க."

உள்ளங்கையில் ஊற்றினேன். நெற்றியில் கொஞ்சம் தடவிக்கொண்டாள். மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் என் கையைப் பிடித்துத் துடைத்துக்கொண்டாள். உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டரை மணி நேரம். கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "சண்முகக்கனி கூட வந்தது யாரு?" என்றார். எழுந்து ஓடினேன். நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு, என் கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்தார். இந்த ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். அறுத்து எடுத்ததைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது கூட வந்தவர்கள் வேலை.

அவருக்கு என்ன தெரியும், யார் கையில் கொடுக்கிறோம் என்று.

பெயர் குப்பியின் உடம்பில் எழுதியிருந்தது. மூடியில் ஒன்றும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூடியில் விரல் படாமல், இரண்டு கட்டடம் தாண்டி நடந்தேன். வழியில் செபித்தேனா என்றால், செபித்தேன். என்ன கேட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜன்னலில் இருந்தவர் தலை நிமிராமல், "வச்சிட்டுப் போங்க" என்றார். நான் வைக்கவில்லை. குப்பியைத் திருப்பி எழுத்தை அவர் பக்கம் காட்டினேன். "பேரப் படிங்க" என்றேன்.

நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "சண்முகக்கனி" என்று வாய்விட்டுப் படித்தார். அதன் பிறகுதான் கையை எடுத்தேன்.